உணர்வழித் தாதியரும் இரசாயனக் கல்வியும் – ஓர் அறவியல் நோக்கு

சத்திரசிகிச்சை மேசையிற் கிடத்தப்பட்ட ஒருவரின் உணர்வைச் சில நிமிடங்களில் அகற்றி, மணிக்கணக்காக அவருடைய மூச்சையும் இரத்தவோட்டத்தையும் தம் பொறுப்பில் வைத்திருந்து, பின்னர் அவரை அவருடைய உணர்வுக்கே மீட்டுக்கொடுக்கும் பணி எல்லா நாடுகளிலும் ஒரே வகையினரிடம் ஒப்படைக்கப்படவில்லை. நமது வைத்தியசாலைகளில் வைத்தியர்களே இதனைச் செய்துவருகின்றனர். ஐக்கிய அமெரிக்காவிலோ, வைத்தியர்களோடு தாதியரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இப்பணியைச் செய்துவருகின்றனர். அவர்களை உணர்வழித் தாதியர் என இக்கட்டுரையில் வழங்குவோம். அந்நாட்டில் இத்துறையிற் பயில விழைபவர் பட்டம்பெற்ற, பதிவுபெற்ற தாதியாக இருத்தல் வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓராண்டேனும் முழுநேரப் பணி புரிந்திருத்தல் வேண்டும். 2022ஆம் ஆண்டு தொடக்கம் புதிதாகச் சேர்வோர் யாவரும் கலாநிதிப் பட்டத்துக்குரிய மூன்றாண்டுப் பாடநெறியிலேயே சேர்கின்றனர். இவற்றோடு, விண்ணப்பதாரர் இரசாயனவியலைப் பயின்று நல்ல புள்ளிகள் பெற்றிருத்தல் வேண்டுமெனவும் பல கல்லூரிகள் விதித்துள்ளன. சில கல்லூரிகள் பொது இரசாயனவியலோடு அமைகின்றன. சில சேதன இரசாயனவியலை வேண்டுகின்றன. வேறு சில உயிரிரசாயனவியலைக் கேட்கின்றன. அப்பாடத்தைக் கற்று ஐந்தோ பத்தோ ஆண்டுகள் கழிந்துவிட்டால், மீண்டும் கற்று வருக எனப் பணிக்கும் கல்லூரிகளும் உள.

இதனைச் சேர்க்கை அலுவலகத்தின் விதிகளுள் ஒன்றெனக் கருதி நாம் அப்பாற் செல்லலாம். ஆயினும் அதனடியில் மிகப் பழைய வினாவொன்று கிடக்கின்றது. ஒரு செயலைச் செவ்வனே செய்யப் பழகிய ஒருவர், அச்செயல் ஏன் அவ்வாறு பயன்தருகின்றது என்பதையும் அறிந்திருக்கக் கடமைப்பட்டவரா? அறியாதிருத்தல் திறமைக் குறைவு மட்டுந்தானா, அன்றி ஒழுக்கக் குறைவும் ஆகுமா? மரத்தின் கலங்களைப் பற்றி எதுவும் அறியாத தச்சர் ஒருவர் நல்ல கதவு செய்கின்றார். அவரை நாம் குறைகூறுவதில்லை. உணர்வழித் தாதியை மாத்திரம் ஏன் இரசாயன வகுப்புக்கு அனுப்புதல் வேண்டும்?

விண்ணப்பதாரருட் பலர் இவ்வினாவை மனக்குறையோடு கேட்கின்றனர். அவர்களின் மனக்குறை நியாயமற்றதன்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் நள்ளிரவில் வீழ்ந்துகொண்டிருக்கும் குருதியமுக்கத்தைத் துளித்துளியாக மருந்தேற்றி நிமிர்த்திய கைகள் அவர்களுடையவை. அத்தகையோர் பகல் முழுதும் உழைத்துவிட்டு, மாலை வகுப்பில் பதினெட்டு வயது மாணவர்களுக்கு அருகே அமர்ந்து, பென்சீன் வளையத்தில் எவ்விடத்தில் எக்கூட்டம் சேருமென எழுதவேண்டியிருக்கிறது. இதற்கு அவர்களுக்குக் கூறப்படும் விடைகள் இரண்டு. இவ்வறிவு பணிக்குத் தேவை என்பது ஒன்று. இடங்கள் சில, விண்ணப்பங்கள் பல. எனவே சல்லடையொன்று வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே மூச்சிற் கூறப்படுவதே குழப்பத்துக்குக் காரணம். முதல் விடையை முதலிலே நோக்குவோம்.

வலியற்ற சத்திரசிகிச்சை இரசாயனக் கூடத்திலிருந்து பிறந்ததென்பது வரலாறு. நைதரசு ஒட்சைட்டினைத் தாமே சுவாசித்துப் பார்த்த அம்ப்ரி டேவி, அது வலியை நீக்கவல்லதெனவும் சத்திரசிகிச்சையிற் பயன்படக்கூடுமெனவும் 1800இலேயே எழுதினார். எழுதியதைச் செய்துபார்க்க நாற்பதாண்டுகளுக்கு மேல் ஒருவரும் முன்வரவில்லை. 1846 ஒற்றோபர் 16ஆந் தேதி பொஸ்ரன் நகரில் மோட்டன் ஈதரைப் பலரறியக் கொடுத்துக் காட்டினார். அடுத்த ஆண்டு எடின்பரோவில் சிம்சன் குளோரோபோமைக் கொணர்ந்தார். 1848 சனவரியில், கால்விரல் நகமொன்றை அகற்றுவதற்காகக் குளோரோபோம் கொடுக்கப்பட்ட அன்னா கிரீனர் என்னும் பதினைந்து வயதுச் சிறுமி வட இங்கிலாந்தில் இரண்டொரு நிமிடங்களில் இறந்தாள். துணியில் விட்டு முகத்திற் பிடிக்கும் அம்முறையில், மூச்சோடு உட்செல்லும் ஆவி எவ்வளவு என்பதைக் கொடுத்தவர் அறிந்திருக்க வழியில்லை. அதே காலத்தில் இலண்டனில் யோன் சினோ என்னும் வைத்தியர், காற்று எவ்வெப்பநிலையில் எவ்வளவு ஈதராவியை ஏற்கும் என்பதை அளந்து, வெப்பநிலையை நிலைநிறுத்துதற்கு நீர்த்தொட்டியோடு கூடிய கருவியொன்றை அமைத்திருந்தார். இருவரின் கைகளும் ஒரே பணியைத்தான் செய்தன. ஒருவர் மருந்து ஊற்றினார்; மற்றவர் அளவு கொடுத்தார்.

இவ்விடத்தில் வலிய தடையொன்று எழும். மினசோட்டா மாநிலத்து ரொச்செஸ்ரர் நகரில் மேயோ சகோதரர்களின் சத்திரசிகிச்சைகளுக்கு மயக்கம் கொடுத்துவந்த அலிஸ் மகோ என்னும் தாதி, 1906இல் தம் பணியின் விபரத்தை வெளியிட்டார். பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளர். மயக்க மருந்தே நேரடிக் காரணமென்று கூறத்தக்க இறப்பு ஒன்றுமில்லை. இக்காலக் கல்லூரிகள் விதிக்கும் இரசாயனப் பாடங்கள் எவற்றையும் அவர் முடித்துவிட்டு வரவில்லை. திறந்த முகமூடியில் ஈதரைத் துளித்துளியாக விட்டு, நோயாளியின் முகத்தையும் மூச்சையும் விட்டுக் கண்ணெடுக்காதிருந்தமையும், உறங்கப்போகின்றவரோடு அமைதியாகப் பேசிக்கொண்டிருந்தமையுமே அவருடைய கலை. கண்ணுங் கருத்தும் போதும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இத்தடையை எளிதில் ஒதுக்கிவிடுதல் நேர்மையன்று. மகோவின் வெற்றி கவனத்தின் வெற்றி. எத்துணை இரசாயனமும் அதற்கு ஈடாகாது. ஆனால் அவர் கையாண்ட ஈதர் எத்தகையதென்பதையும் நோக்குதல் வேண்டும். ஈதர் மெதுவாக வேலை செய்வது. மிகையாகும்போது தன் மிகையை முன்னரே அறிவிப்பது. மூச்சின் போக்கு, விழியின் அசைவு, கண்மணியின் அளவு, தசையின் இறுக்கம் ஆகிய இவையாவும் மயக்கத்தின் ஆழத்தைப் படிப்படியாகக் காட்டிக்கொடுக்கும். நோயாளி உணர்விழந்தாலும் அவருடைய உடல் பேசிக்கொண்டேயிருந்தது. மகோ அதனைக் கேட்டார். 1942இல் மொன்றியலில் குராரே என்னும் தசைதளர்த்தி மயக்கமருந்தோடு சேர்க்கப்பட்ட பின்னர் அந்தப் பேச்சு நின்றது. தசைகள் தளர்த்தப்பட்டவர் தாமாக மூச்சுவிடார், விழியசையார், வலியுணர்ந்தாலும் விரலை நகர்த்தமாட்டார். பேசவேண்டிய பொறுப்பை இயந்திரங்கள் ஏற்றுக்கொண்டன. இயந்திரங்களோ தமக்குத் தெரிந்ததை மட்டுமே பேசுவன.

அவை எதைப் பேசா என்பதற்கு 1990களில் அமெரிக்காவில் அறியவந்த நிகழ்ச்சிகள் நல்ல உதாரணம். மயக்கவாயு வீணாகாதிருக்க, நோயாளி வெளிவிட்ட வாயுவை இயந்திரத்தினூடாகச் சுற்றவிட்டு மீண்டும் கொடுப்பது வழக்கம். அதிலுள்ள காபனீரொட்சைட்டை அகற்றுவதற்குச் சுண்ணாம்பும் வன்காரங்களும் கலந்த மணிகள் நிறைந்த உறிஞ்சிக்கலம் ஒன்று இடையில் அமைக்கப்படும். அம்மணிகளில் இயல்பாக நூற்றுக்குப் பதினைந்து பங்களவில் நீர் இருக்கும். வெள்ளிக்கிழமை மாலை வேலை முடித்துச் செல்பவர் ஒட்சிசன் குழாயைப் பூட்ட மறந்துவிட்டால், சனியும் ஞாயிறும் உலர்ந்த வாயு அம்மணிகளினூடாகப் பாய்ந்து அந்நீரை முற்றாக வாரிச்சென்றுவிடும். திங்கட்கிழமை காலை முதல் நோயாளிக்கு டெஸ்புளூரேன் போன்ற மயக்கவாயு அக்கலத்தினூடாகச் செலுத்தப்படும்போது, உலர்ந்த வன்காரம் அவ்வாயுவைச் சிதைத்துக் காபனோரொட்சைட்டை உண்டாக்கும். அடைத்த அறையிற் கரியடுப்பு மூட்டி உறங்கியோரைக் கொல்லும் அதே நஞ்சுதான். அது ஈமோகுளோபினோடு ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் பிணையும்.

அப்போது விரலிற் பொருத்திய ஒட்சிசன்மானி என்ன காட்டும்? தொண்ணூற்றெட்டு எனக் காட்டும். இரண்டு அலைநீளங்களில் ஒளியைச் செலுத்தி அளக்கும் அக்கருவிக்கு, காபனோரொட்சைட்டைச் சுமந்த ஈமோகுளோபினும் ஒட்சிசனைச் சுமந்ததும் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும். உறிஞ்சிமணிகளின் நிறமோ அவை தீர்ந்துபோனாற்றான் மாறும், உலர்ந்துபோனமைக்கு நிறமில்லை. நோயாளியின் முகம் வெளிறாது. கூறுவதாயின் நன்றாகவே சிவந்திருக்கும். விழித்திருப்பவராயின் தலையிடிக்கிறது என்றாவது சொல்வார். எல்லாச் சாட்சிகளும் நலம் என்று ஒருமுகமாகக் கூறும் அறையில் ஒரு மனிதர் நஞ்சூட்டப்பட்டுக்கொண்டிருக்கிறார். அங்கே ஐயங்கொள்ளக்கூடியவர் யார்? இக்கலத்தில் நிகழ்வது ஓர் இரசாயனத் தாக்கம், அத்தாக்கத்தில் நீருக்கு ஒரு பங்குண்டு, நீர் இல்லாதவிடத்து வேறொரு தாக்கம் நிகழும் என மனத்தில் ஒரு படத்தை வைத்திருப்பவர் மாத்திரமே. அவர் திங்கட்கிழமை காலை கலத்தைத் தொட்டுப் பார்ப்பார். ஐயமெழுந்தால் மணிகளைக் கொட்டிப் புதியவற்றை இடுவார். வன்காரங்கள் குறைக்கப்பட்ட உறிஞ்சிகள் பின்னர் வந்து இவ்விடர் பெரிதும் தணிந்தது உண்மையே. அத்தகைய உறிஞ்சிகளை ஆக்கியதும் அதே இரசாயன அறிவுதான். இன்னும் கண்டறியப்படாத திங்கட்கிழமைகள் வேறும் இருக்கலாம்.

இதனைத் திறமைக்குரிய விடயம் என்று மட்டுங் கொள்ளாது, அறத்துக்குரிய விடயம் என நாம் ஏன் கூறுகிறோம்? பிளேட்டோ தமது ‘சட்டங்கள்’ என்னும் நூலின் நான்காம் பாகத்தில் இருவகை வைத்தியரை வேறுபடுத்துகின்றார். ஒரு வகையினர், எசமானரிடமிருந்து பார்த்துப் பழகிய அடிமை வைத்தியர். அவர்கள் அடிமைகளுக்கு வைத்தியஞ் செய்வர். காரணங் கூறார், காரணங் கேளார். கண்டதைக் கட்டளையாக விதித்துவிட்டு அடுத்த நோயாளியிடம் விரைவர். மற்றை வகையினர் சுதந்திரரான வைத்தியர். அவர்கள் நோயின் இயல்பை அடியிலிருந்து ஆராய்வர். நோயாளியோடும் அவர் சுற்றத்தோடும் உரையாடுவர். அவர் மனமிசையச் செய்யுமுன் மருந்து கொடார். அந்நாளைய கிரேக்க சமூகத்தின் அடிமைமுறையை ஏற்றுக்கொண்டு எழுதப்பட்ட பகுதி இது. அந்த அளவில் நமக்கு உவப்பானதன்று. எனினும் அது குறிக்கும் வேறுபாடு ஆழமானது. வைத்தியரின் அறிவும் நோயாளியின் மதிப்பும் அங்கே ஒன்றோடொன்று கட்டுண்டிருக்கின்றன. காரணங் கூறத்தக்க மனிதராக நோயாளியை மதிப்பவர் காரணத்தை அறிந்தேயாகவேண்டும்.

உணர்வழித் துறையில் இவ்வேறுபாடு விசித்திரமானதொரு திருப்பத்தைப் பெறுகின்றது. இங்கு உரையாடல் நிகழக்கூடியது உறக்கத்துக்கு முன்னர் மட்டுமே. (உறக்கம் என்பதும் உபசார வழக்கே. நனவு, கனவு, உறக்கம் எனச் சைவ நூலார் வகுத்த அவத்தைகளுள் இதனை எதிலே சேர்ப்பது என்பது தனிக் கட்டுரைக்குரியது.) அதன் பின்னர் ஒவ்வொரு நிமிடமும் முடிவுகள் எடுக்கப்படுகின்றன. இம்மருந்து ஏன், இவ்வளவு ஏன், இப்போது ஏன் என்று கேட்பதற்கு முழு உரிமையும் உடைய ஒருவர் அங்கே இருக்கிறார். ஆனால் அவர் வாய் திறவார். சத்திரசிகிச்சை செய்பவரோ தம் கத்தியிற் கருத்தாயிருப்பார். ஆகவே அந்தக் கேள்வியை நோயாளியின் சார்பிற் கேட்கவேண்டியவரும் அதற்கு விடைகூற வேண்டியவரும் ஒருவரே ஆகின்றார். கேட்பதற்கு வேண்டிய அறிவு இல்லாதவர் கேட்கமாட்டார். கேள்வி எழாதவிடத்துக் கட்டளை மட்டுமே எஞ்சும்; பிளேட்டோவின் அடிமை வைத்தியர் வழங்கியதும் அதுவே. தச்சருக்கும் இவருக்குமுள்ள வேறுபாடு இங்குதான் இருக்கிறது. கதவு கோணினால் வீட்டுக்காரர் பார்த்துச் சொல்லிவிடுவார்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து செயற்படுபவன் என மருத்துவத்தை நான்கு கூறாக எண்ணுகின்றது. அருகிருப்பவரை ஏவலாளராக வைக்காது, மற்றை மூன்றோடு ஒப்ப எண்ணியிருப்பது நோக்கத்தக்கது. அமெரிக்க உணர்வழித் தாதியரின் வரலாறோ இந்நான்காம் கூறு இரண்டாவதன் இடத்துக்கு மெல்ல நகர்ந்த வரலாறாகும். தாதியர் மயக்கங் கொடுப்பது அனுமதியின்றி வைத்தியந் தொழிலைச் செய்வதாகும் எனக் கலிபோர்னியாவில் வைத்தியர் சிலர் டாக்மர் நெல்சன் என்னும் தாதிக்கெதிராக வழக்குத் தொடர்ந்தனர். 1936இல் அம்மாநில உயர்நீதிமன்றம் தாதியின் பக்கமே தீர்ப்பளித்தது. தீர்ப்பின் அடிப்படை கவனிக்கற்பாலது. அவர் நோயை நிர்ணயிக்கவில்லை, மருந்து விதிக்கவில்லை. சத்திரசிகிச்சை வைத்தியரின் நேரடி மேற்பார்வையில் அவருடைய பணிப்பை நிறைவேற்றினார் என்பதே அது. தாதியர் வென்றனர், ஆனால் ‘கை’களாகவே வென்றனர்.

கைக்கு இரசாயனம் எதற்கு? அத்தீர்ப்பின் தருக்கத்தை இறுதிவரை கொண்டுசென்றால் இரசாயனப் பாடத்துக்கு இடமேயில்லை. பணித்தவர் அறிந்தாற் போதும். ஆனால் பணிப்பதாகக் கருதப்பட்ட சத்திரசிகிச்சை வைத்தியர் பெரும்பாலும் மயக்கமருந்துகளின் நுட்பங்களை அறியாதவர். அறையில் அவற்றை அறிந்திருந்தவர் தாதி ஒருவரே என்பது பல சிற்றூர் வைத்தியசாலைகளின் நடைமுறை உண்மையாயிருந்தது. 2001இல் மத்திய அரசு தன் காப்புறுதித் திட்டத்தின் கீழ் வைத்தியரின் மேற்பார்வை வேண்டுமென்ற விதியிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையை மாநில ஆளுநர்களுக்கு வழங்கியது. அயோவா மாநிலம் முதலில் விலகியது. இம்மாற்றம் நன்றா தீதா என்பது பற்றி வைத்தியர் சங்கங்களும் தாதியர் சங்கங்களும் இன்றும் வழக்காடுகின்றன. அவ்வழக்கிற் புகுவது நமது நோக்கமன்று. ஒன்றுமட்டும் தெளிவு. ‘நான் பணித்தபடி செய்தேன்’ என்னும் சொல் ஒருவருக்கு அடைக்கலமாக இருந்த காலம் முடியும்போது, ‘ஏன் என்று அறிந்து செய்தேன்’ என்னும் சொல்லை அவர் சம்பாதித்துக்கொள்ள வேண்டியவராகிறார்.

அவ்வாறாயின் எந்த இரசாயனம்? பாடவிதானத்தை ஆக்குவோர் இக்கேள்வியில் தாராளமாகத் தடுமாறுகின்றனர். இரண்டு எடுத்துக்காட்டுக்களைத் தருவோம். குருதியில் எளிதிற் கரையாத மயக்கவாயுவே விரைவில் மயக்கந் தரும் என்று கேட்கும் மாணவர் முதலில் நம்பமாட்டார். நன்றாகக் கரைவதன்றோ விரைந்து வேலை செய்யவேண்டும்? மூளையின்மேற் செயற்படுவது கரைந்த வாயுவின் மொத்த அளவன்று, அதன் பகுதியமுக்கம் என்பதை உணர்ந்தவுடன் முடிச்சு அவிழ்கின்றது. ஒரே அளவான வாய்க்காலைப் பெருங்குளத்துக்கும் சிறு கேணிக்கும் திருப்பிவிட்டால் நீர்மட்டம் எதில் விரைந்து உயரும்? ஈதருக்குக் குருதி பெருங்குளம். அதன் கரைதிறன் எண் ஏறத்தாழப் பன்னிரண்டு. டெஸ்புளூரேனுக்கு அது கேணி. அதன் எண் அரையிலும் குறைவு. இதனை விளங்கிக்கொண்டவர் மயக்கந் தெளிவிப்பதிலும் அதே நியாயத்தைக் காண்பார். மனனஞ் செய்தவர் இரண்டு அட்டவணைகளைச் சுமப்பார்.

மற்றையது லிடோகேயின். ஓரிடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் இம்மருந்து சீழ்கட்டிய இடத்தில் ஏன் சரியாக வேலை செய்வதில்லை? இதன் பீ.கே.ஏ. பெறுமானம் 7.9. உடலின் இயல்பான பீ.எச். பெறுமானமாகிய 7.4இல், மருந்தின் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு ஏற்றமற்ற மூலக்கூறுகளாக இருக்கும். அவையே நரம்பின் கொழுப்புறையை ஊடுருவும். அழற்சியுற்ற இழையம் அமிலத்தன்மை கொண்டது. அங்கே பீ.எச். 6.9 எனக் கொண்டால் அப்பங்கு நூற்றுக்கு ஒன்பதாகக் குறைந்துவிடும். ஒரு வரிக் கணக்கு. இக்கணக்கை அறியாதவர் மருந்து பலிக்கவில்லையென்று மேலும் மேலும் ஏற்றுவார். அளவு மிகுந்தால் அம்மருந்து மூளையையும் இதயத்தையும் தாக்கும்.

எனவே அமிலமூலச் சமநிலை, வாயுவிதிகள், கரைதிறன், எசுத்தர் அமைட்டு முதலிய தொழிற்படு கூட்டங்கள், நொதியங்களின் வேலை ஆகியன தேவை என்பதில் ஐயமில்லை. சேதன இரசாயனத்தின் தொகுப்பு முறைகளோ? கிரினாட் தாக்கம் எந்த நோயாளிக்கு எப்போது பயன்படும் எனச் சிந்தித்துப் பார்த்து நாம் தோல்வியே கண்டோம். ஆனாலும் கைவிரித்துவிடவும் துணிவில்லை. நாலிணைய அமோனியச் சேர்வைகள் பிரிகையுறுவதைக் கூறும் ஒப்மன் நீக்கற் தாக்கம், 1851இலிருந்து மாணவரைப் பரீட்சையில் வருத்துதற்கென்றே இருந்ததுபோல் இருந்தது. வன்காரமும் மிகுந்த வெப்பமும் வேண்டிய அத்தாக்கத்தை, உடலின் வெப்பநிலையிலும் குருதியின் பீ.எச். பெறுமானத்திலும் நிகழுமாறு ஒரு மூலக்கூறுக்குள் அமைத்துவிட்டனர் கிளாஸ்கோவின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோன் ஸ்ரென்லேக்கும் அவர் குழுவினரும். அதுவே அட்ரகூரியம் என்னும் தசைதளர்த்தி. ஈரலும் சிறுநீரகமும் செயலிழந்த நோயாளியிலும் அது தானாகவே சிதையும். உடல் குளிர்ந்தால் சிதைவு மந்தமாகும் என்பதையும் அதே தாக்கத்தின் இயல்பு நமக்குக் கூறிவிடுகின்றது. பயனற்றது எதுவென முன்கூட்டியே கூறுவோர் சற்று நிதானித்தல் நன்று.

இனி இரண்டாம் விடையாகிய சல்லடைக்கு வருவோம். இடங்கள் குறைவாயின் தெரிவு வேண்டுமென்பதை யாரும் மறுக்கமுடியாது. வேண்டிய அறிவைக் கொண்டே தெரிவு செய்தால் அது நியாயமும் ஆகும். ஆனால் கடினமான பாடத்தைத் தாங்கிக்கொண்டமையே தகுதிக்குச் சான்று என்று சிலர் கூறுவதுண்டு; பாடப்பொருள் முக்கியமன்று, தாங்கிய வலிமையே முக்கியம் என்பது அவர் கருத்து. இதனை நாம் முற்றாக மறுக்கின்றோம். தாங்கும் வலிமையைத்தான் அறியவேண்டுமெனில், நன்னூற் சூத்திரங்கள் அத்தனையையும் ஒப்புவிக்குமாறு கேட்டாலும் அது வெளிப்படும். அன்றியும், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆண்டுக்கணக்காக இரவுப்பணி செய்தவரிடம் தாங்கும் வலிமைக்குச் சான்று கேட்பது அவருடைய வாழ்வை அறியாமற் கேட்பதாகும். இவ்வெண்ணத்தால் விளையுங் கேடு வேறொன்றும் உண்டு. பாடத்தைத் தடையாகக் கண்டவர் தாண்டியபின் திரும்பிப் பாரார். உயர்ந்த புள்ளிக்காக, எளிதிற் புள்ளி வழங்கும் வகுப்பு எங்குண்டெனத் தேடிச் செல்வார். ஆய்வுகூடமில்லாத வகுப்பாயினும் ஏற்பார். அவரைக் குறைகூறுவதும் பொருந்தாது. கல்லூரி கேட்டது புள்ளியை. நோயாளியின் சார்பிற் கேள்வி கேட்பதற்காகக் கற்கவேண்டிய ஒன்று, தன் சார்பில் ஓர் இடத்தைப் பெறுவதற்காகக் கற்கப்படும்போது, பாடநூல் அதுவேயாயினும் கல்வி வேறாகிவிடுகின்றது.

கால எல்லை விதியிலும் இக்குழப்பமே தெரிகின்றது. ஐந்தாண்டு கழிந்தால் இரசாயனம் மறந்துபோகும் என்பது விதியின் கருதுகோள். அஃது உண்மையாயின், சேர்ந்து பயின்று பட்டம் பெற்று ஐந்தாண்டு பணிபுரிந்தவருக்கும் மறந்திருக்கும். வாசலில் நிற்பவரிடம் கேட்கும் கேள்வியை உள்ளே நெடுங்காலம் இருப்பவரிடமும் அதே கண்டிப்போடு கேட்பதற்கு எவருக்கு மனம் வரும்? பொருளாதார நோக்கிலும் இவ்விதி பாரபட்சமானது. இளமையிலேயே நேர்வழியில் வந்தவரை அது தொடுவதில்லை. பிள்ளைகளை வளர்த்து, கடனை அடைத்து, நாற்பதை அண்மி விண்ணப்பிப்பவரே மீண்டும் கட்டணங் கட்டி வகுப்பில் அமர்கின்றார்.

ஆயினும் அவ்வாறு அமர்ந்தவரைப் பற்றி வேறொன்றுங் கூறவேண்டும். அனுபவமுடையோர், அனுபவமின்றிக் கோட்பாடு மட்டும் அறிந்தவரிலும் மேலாகச் செயலில் வெற்றிபெறுவர் என அரிஸ்டோட்டில் தமது மெய்யியல் நூலின் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கின்றார். எனினும் ‘இஃது இவ்வாறுளது’ என்பதை அவர்கள் அறிவர், ‘ஏன்’ என்பதை அறியார் என்பது அவர் காணும் குறை. கல்சியம் குளோரைட்டையும் சோடியம் இருகாபனேற்றையும் ஒரே குழாயில் ஒருசேர ஏற்றலாகாதென்பது தீவிர சிகிச்சைத் தாதி எவருக்குந் தெரியும். ஏற்றினால் குழாயில் வெண்மையாக ஏதோ படியும், குழாய் அடைபடும், ஆகவே இடையில் உப்புநீரால் அலசுவர். பல்லாண்டு அவ்வாறு அலசிய ஒருவர் மாலை வகுப்பொன்றிலே, கரைதிறன் பெருக்கம் என்னும் அத்தியாயத்தில், அவ்வெண்பொருள் கல்சியம் காபனேற்று, அதாவது சாதாரணச் சுண்ணக்கல் எனக் காண்கிறார். அருகிலிருக்கும் பதினெட்டு வயது மாணவனுக்கு அது பலகையில் எழுதப்பட்ட சமன்பாடு. இவருக்கோ தாம் கையில் ஏந்திய குழாய். இதே காரணத்தால் வேறெந்த இரண்டு மருந்துகள் சேரலாகாது என்று இவர் உடனே எண்ணத் தொடங்குகின்றார்; அதற்கு முன் அப்படி எண்ணியதில்லை. இத்தகைய மாணவர் வகுப்பில் இருக்கிறார் என்பதை ஆசிரியர் பெரும்பாலும் அறிந்திருப்பதில்லை. பாடநெறி முடிவில் இருவரும் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதுகின்றனர். அவ்வினாத்தாளிலே அந்தக் குழாயைப் பற்றி ஒரு வினாவும் இருப்பதில்லை.